செங்ஹெனித் நினைவுத் தோட்டத்துக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கார்டிஃபில் வசிக்கிறேன். அப்பா கோலார் தங்கவயலில், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை, பூமிக்கடியில் வேலை பார்த்தவர். இப்போது 76 வயது. நுரையீரலில் தூசு நோய் இருப்பதால் கைத்தடியோடு 50 அடி நடந்தாலே உட்கார வேண்டியிருக்கிறது. என்னிடம் வந்து தங்கியிருக்கும் அவர், செங்ஹெனித் ஊரில் உள்ள சுரங்கத் தொழிலாளர் நினைவுத் தோட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். அழைத்துப் போகலாமா, அல்லது படங்களைக் காட்டிச் சமாதானப்படுத்திவிடலாமா?
– வாசகி, கார்டிஃப்

பதில்: அவசியம் அழைத்துப் போங்கள். எப்படிப் போவது என்பதைச் சொல்வதற்கு முன், அந்த ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள்.

தெற்கு வேல்ஸில் கேர்ஃபில்லிக்கு வடக்கே, ஆபெர் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் இருக்கிறது செங்ஹெனித். 1913 அக்டோபர் 14 அன்று காலை 8 மணிக்குச் சற்றுப் பிறகு, அங்கிருந்த யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கத்தில் எரிவாயு வெடித்து, அந்த வேகத்தில் கிளம்பிய கரித்தூசும் பற்றிக்கொள்ள, 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களை மீட்க இறங்கியவர்களில் ஒருவரும் உயிரிழந்தார். பிரிட்டனின் சுரங்க விபத்துகளில் இதைவிட அதிக உயிரைக் கொண்டுபோனது வேறில்லை. இறந்தவர்களில் 8 பேர் 14 வயதுச் சிறுவர்கள். 542 குழந்தைகள் தகப்பனை இழந்தார்கள். அதே சுரங்கத்தில் 1901 மே மாதம் நடந்த வெடிப்பு ஏற்கெனவே 81 பேரைப் பலி வாங்கியிருந்தது. பெருவிபத்தின் நூற்றாண்டு நாளான 2013 அக்டோபர் 14 அன்று, வேல்ஸின் தேசியச் சுரங்க நினைவிடம் அங்கே திறந்து வைக்கப்பட்டது. காயம்பட்ட தொழிலாளியை மீட்புப் பணியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கும் வெண்கலச் சிலை, இறந்தவர்களின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைத் தாங்கிய ஓடுகள் பதித்த சுவர், வேல்ஸின் பிற சுரங்க விபத்துகளை நினைவுகூரும் நடைபாதை ஆகியவை அந்தத் தோட்டத்தில் உள்ளன.

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆசையோடு வருகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள், பாறை விழுந்து காலையோ விரலையோ இழந்தவர்கள், இயந்திர இரைச்சலில் காது மந்தமானவர்கள், அவர்களுடைய வயதான மனைவிமார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு எடுத்த நினைவிடத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியால் நடக்க முடியவில்லை என்றால், அந்த இடம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை என்றே நான் கருதுவேன். ஆகவே உங்கள் தந்தையார் போவதை யாருக்கும் தருகிற தொந்தரவாக எண்ண வேண்டாம்.

கார்டிஃபிலிருந்து கேர்ஃபில்லி வரை ரயிலில் போய், நிலையத்தை ஒட்டியே இருக்கும் பேருந்து நிலையத்தில் செங்ஹெனித் பேருந்தைப் பிடிக்கலாம். பிரிட்டனில் வழித்தடப் பேருந்துகளில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு இடம்தான் இருக்கும் என்பதால், கூட்டமில்லாத முற்பகல் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ஊரிலுள்ள மரபு மையத்தைத் தொலைபேசியில் அழைத்து விசாரியுங்கள். 'உங்களிடம் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டா?' என்று பொதுவாகக் கேட்டால் 'உண்டு' என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். இறங்கும் நிறுத்தத்திலிருந்து வாயில் வரை ஏற்றம் எவ்வளவு, வாயிலுக்கு அருகே கார் நிறுத்த முடியுமா, முதல் இருக்கை எத்தனை அடியில் இருக்கிறது, அதற்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உண்டா, கழிப்பறை எங்கே, அது எப்போது திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மலைச்சரிவில் அமைந்த ஊர் அது. தோட்டம் எவ்வளவு வசதியாக இருந்தாலும், அதற்கு முந்தைய தெரு மூச்சை எடுத்துவிடக் கூடும்.

இருக்கையைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாதசாரிகள் அதிகம் வரும் இடங்களில் 50 மீட்டருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டிஷ் வழிகாட்டி நெறிகள் பரிந்துரைக்கின்றன. 50 மீட்டர் என்பது ஏறத்தாழ 164 அடி. உங்கள் தந்தையார் ஒரு மூச்சில் நடக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எனவே விதிப்படி அமைந்த பாதையும் அவருக்குப் போதாது. இருக்கை பொருத்திய நான்கு சக்கர நடைவண்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். சக்கர நாற்காலியில் உட்கார மறுக்கும் பழைய தொழிலாளிகள் கூட, தாங்களே தள்ளிக்கொண்டு போகும் இந்த வண்டியை ஏற்றுக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சக்கர நாற்காலிக்கு அவர் சம்மதித்தால், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் பல ஊர்களில் அதைக் குறுகிய காலத்துக்குத் தருகிறது.

கேள்வி: நிலவடிவமைப்புப் படிக்கும் மாணவன் நான். சுரங்க நினைவுப் பாதைகளை வடிவமைப்பவர்கள் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அலங்காரத்தில் தவறுகிறார்கள். சுரங்கத்தை நினைவூட்டுவதற்காகப் பழைய தண்டவாளத்தைப் பாதையின் குறுக்கே பதித்து, அதன்மேல் ஒரு கரிவண்டியையும் நிறுத்தி வைப்பது பல இடங்களில் காணும் காட்சி. அப்படி ஓரிடத்தில், பக்கவாதத்தால் கால் செயலிழந்த ஒரு பெரியவரை நான் தள்ளிக்கொண்டு போனபோது, நாற்காலியின் சிறிய முன்சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவர் உடல் முன்னால் சாய்ந்தது. மடியிலிருந்த பூங்கொத்து சரளைக் கல்லில் விழுந்தது. இருவர் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. தண்டவாளம் வேண்டுமென்றால் பாதைக்குப் பக்கத்தில் வைக்கலாம். பாதையில்தான் வேண்டும் என்றால், நடைதளத்தோடு சமமாக்கி இடைவெளியை நிரப்பிவிட வேண்டும். வடிகால் கம்பிச் சட்டத்துக்கும் இது பொருந்தும்: துளை 13 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது; நீளவாட்டில் துளை உள்ள சட்டமானால், நடக்கும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும்.

உதிரிச் சரளை அழகாக இருக்கலாம், ஆனால் அதில் சக்கரமும் புதையும், ஊன்றுகோலும் புதையும். பிசின் கொண்டு இறுக்கிய சரளை அதே தோற்றத்தைத் தரும். சரிவு 20-க்கு 1 என்ற அளவுக்குள், அதாவது 20 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றத்துக்குள், இருப்பது நல்லது. 12-க்கு 1 என்பதைத் தாண்டவே கூடாது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 2 மீட்டர் அகலம் வேண்டும். பக்கவாட்டுச் சாய்வைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மழைநீர் வடிய வேண்டும் என்று பாதையை ஒருபக்கமாக அதிகம் சாய்த்துவிட்டால், ஒரு கையால் மட்டும் சக்கரத்தை உருட்டுகிறவரை அது ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது பெயர்கள். ஒரு நினைவிடத்துக்கு வருகிறவர் கடைசியில் தேடுவது ஒரு பெயரைத்தான். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் கை நீளும். பெயரைத் தரையில் பதித்தால் குனிய முடியாதவர் தொட முடியாது. ஈரத்திலும் இலைச் சருகிலும் அது மறைந்துவிடும். தலைக்கு மேல் வைத்தால் நாற்காலியில் இருப்பவருக்கு எட்டாது. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் உயரத்துக்குள் அடங்கவில்லை என்றால் சுவரை நீளமாக்குங்கள், உயரமாக்காதீர்கள். பளபளக்கும் கருங்கல்லில் கருப்பு எழுத்தைச் செதுக்குவதைத் தவிருங்கள். வெயிலில் பார்ப்பவரின் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. பிரெய்ல் அவசியம், ஆனால் முதுமையில் பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோர் பிரெய்ல் கற்றவர்கள் அல்லர். விரலால் தடவி உணரத்தக்க புடைப்பெழுத்தும், பெயர்களை வாசித்துக் கேட்கும் ஒலிப்பதிவும் அதோடு சேர வேண்டும்.

கேள்வி: ஆண்டு நினைவு நாளில் செங்ஹெனித் போவது நல்லதா? என் பாட்டி சக்கர நாற்காலியில் வருவார்.
– வாசகர், பிரிஸ்டல்

பதில்: அக்டோபர் 14 அன்று நின்றுகொண்டிருப்பவர்களின் முதுகுதான் பாட்டியின் கண்ணுக்குத் தெரியும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு முன்வரிசையில் இடம் பெற முடிந்தால் போங்கள். பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர் இத்தகைய நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்பதை 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடமையாகவே வைத்திருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் மறுநாள் போங்கள். அக்டோபரில் பாதை ஈரமாக இருக்கும். சக்கர வளையத்தைப் பிடிக்கக் கையுறையும், நனைந்த இருக்கையைத் துடைக்கத் துண்டும், மடியில் போர்த்தக் கம்பளியும் வேண்டும். மறுநாள் கூட்டம் இருக்காது, பூக்கள் இருக்கும். ஓட்டுச் சுவருக்கு அருகே நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தித் தடைக்கட்டையைப் போட்டுவிட்டால், 14 வயதுப் பையன் ஒருவனின் பெயரையும் அவன் வீட்டு முகவரியையும் பாட்டியே நிதானமாக வாசித்துக்கொள்வார்.