டிசம்பரில் வேண்டாம், மே மாதம் போங்கள்

அன்புள்ள அக்கா,

மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையோரம் மோட்டார்ஹோமில் (படுக்கையும் சமையலறையும் உள்ள கேரவன் வண்டி) போனதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். என் மைத்துனர் பெர்த்தில் இருக்கிறார். வரும் டிசம்பர் கடைசியில் 12 நாள் லீவு எடுத்து, நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகள் நாலு பேரும் பெர்த்திலிருந்து வடக்கே புரூம் வரை போய்த் திரும்பலாம் என்று நினைக்கிறோம். மைத்துனரோ, "வழியெல்லாம் பொட்டல், ஒரே வெயில், அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார். போகலாமா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

கட்டாயம் போங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம். புரூம் வரைக்கும் வேண்டாம்.

கடற்கரைச் சாலையில் புரூம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். போய்த் திரும்ப 12 நாள் என்றால், ஒரு நாள்கூட எங்கும் தங்காமல் தினமும் 400 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதையும் பகலிலேயே ஓட்டியாக வேண்டும். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் கங்காருக்கள் அதிகம் சாலைக்கு வரும். பல இடங்களில் வேலி கிடையாது, மாடுகள் நடுரோட்டில் நிற்கும். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தங்களிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நாலு மணிக்குள் நிறுத்திவிடுங்கள். 300 கிலோமீட்டர் போதும்.

அப்புறம் வெயில். எக்ஸ்மவுத் வளைகுடாவைத் தாண்டினால் ஆன்ஸ்லோ என்ற சின்ன ஊர். 2022 ஜனவரி 13ஆம் தேதி அங்கே 50.7 டிகிரி பதிவானது. எல்லா நாளும் அப்படி இருக்காதுதான். ஆனால் கேரவன் என்றதும் நம் ஊரில் சினிமாக்காரர்களின் குளுகுளு வண்டிதானே நினைவுக்கு வருகிறது? வாடகை மோட்டார்ஹோமின் கூரை ஏசி, பொதுவாக கேரவன் பார்க்கில் கரண்ட் இணைப்புக் கொடுத்தால்தான் ஓடும். சாலையோரம் நிறுத்தினால் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். அம்மாவால் தாங்க முடியாது. போதாததற்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் புயல் காலம்.

மே மாதம் மகளுக்குக் கோடை விடுமுறை. அங்கே அது இலையுதிர் காலம், வெயில் இறங்கியிருக்கும். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் வரை மட்டும் போங்கள். 1,250 கிலோமீட்டர். லீவை மட்டும் 16 நாளாக நீட்டிக்கொள்ளுங்கள். வழியில் ஷார்க் பே வளைகுடாப் பக்கம் மூன்று நாள், எக்ஸ்மவுத்தை ஒட்டிய நிங்கலூ பவளத்திட்டுப் பக்கம் நாலு நாள் தங்குங்கள். மற்ற ஒன்பது நாட்கள் ஓட்டுவதற்கு.

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. ஜெரால்டனைத் தாண்டினால் மணிக்கணக்கில் செம்மண்ணும் புதருமாகத்தான் இருக்கும். ஆனால் ஓவர்லேண்டர் ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும்) இடது பக்கம் திரும்பி ஷெல் பீச்சில் இறங்கிப் பாருங்கள். அங்கே மணலே இல்லை. சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைச் சிப்பிகள், கிலோமீட்டர் கிலோமீட்டராக, ஆள் உயரத்துக்கும் மேலான ஆழத்துக்கு. மிதித்தால் நொறுங்கிய அப்பளத்தின் மேல் நடக்கிற மாதிரி சத்தம் வரும். கையில் அள்ளினால் கனமே இருக்காது. அந்த வளைகுடாவின் தண்ணீர் சாதாரணக் கடலைவிட இரண்டு மடங்கு உப்பு. இந்தச் சிப்பியைத் தின்னும் பிராணிகள் அதில் பிழைக்காது. அதனால்தான் இது இவ்வளவு பெருகிக் குவிந்திருக்கிறது. இறுகிப்போன சிப்பியை ரம்பத்தால் அறுத்துக் கல் மாதிரி அடுக்கி, பக்கத்து ஊரான டென்ஹாமில் ஒரு சர்ச்சே கட்டியிருக்கிறார்கள். அம்மா அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

அதே மாதிரி உப்புத் தண்ணீரில்தான், பக்கத்து வளைகுடாவான ஹேமலின் பூலில், ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருக்கின்றன. பார்த்தால் கறுத்துப்போன பாறை மாதிரிதான் தெரியும். அவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டி எழுப்பியவை. மேல் அடுக்கில் இன்னும் உயிர் இருக்கிறது. இதே வகை உயிர்களின் தடம் சுமார் 350 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலும் கிடைத்திருக்கிறது. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனை இந்தப் பூமியில் முதலில் நிரப்பியது இந்த நுண்ணுயிர்களின் மூதாதைகள்தான். அதை மகளிடம் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். நான் 2019இல் போனபோது மரப்பாலத்தில் நடந்து மேலிருந்து பார்த்தேன். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் அந்தப் பாலத்தை உடைத்துவிட்டது. இப்போது எப்படிப் பார்க்கலாம் என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிங்கலூவில் பவளத்திட்டைப் பார்க்கப் படகில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல இடங்களில் கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம். கோரல் பேயில் இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தைக் குனிந்தாலே மீன்கள் தெரியும். அம்மாவுக்குக் கண்ணாடித் தளப் படகு இருக்கிறது. டர்க்வாய்ஸ் பேயில் மட்டும் எச்சரிக்கை. அங்கே நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், மணல்திட்டைத் தாண்டினால் பவளத்திட்டின் இடைவெளி வழியாக ஆழ்கடலுக்கே கொண்டுபோய்விடும். மணல்திட்டு வருவதற்கு முன்பே கரையேறிவிடுங்கள், குழந்தையை அங்கே இறக்க வேண்டாம். மே மாதம் திமிங்கலச் சுறா வரும் பருவமும்கூட. அது மனிதரைத் தாக்காத பெரிய மீன். நன்றாக நீந்தத் தெரிந்தால் நீங்கள் ஒரு நாள் போய்வாருங்கள்.

இனி தண்ணீர். எங்கள் வண்டியில் 82 லிட்டர் டேங்க். ஜெரால்டனில் நிரப்பியது கார்னார்வன் வரை வரும் என்று நம்பினேன். நாலு பேர் குளியல், பாத்திரம் என்று இரண்டாம் நாள் மாலையே பம்ப் காற்றை இழுத்துக் கடகடவென்று இருமியது. ரோட்ஹவுஸ் குழாயில் வந்ததோ உப்புக் கரித்த போர்வெல் தண்ணீர். பக்கத்தில் நிறுத்தியிருந்த வயதான தம்பதி பத்து லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு பேர் பல் தேய்த்தோம். குடிநீரை டேங்கோடு சேர்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்குப் போட்டுத் தனிக் கேனில் வையுங்கள். எக்ஸ்மவுத்துக்குப் பக்கத்திலுள்ள கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் முகாம்களில் தண்ணீரும் இல்லை, கரண்டும் இல்லை. இடமும் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், அதை இப்போதே பாருங்கள்.

நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதில் சிரமம் இருக்காது. எதிரே ரோடு ட்ரெயின் (பல டிரெய்லர்களை இழுத்துவரும் ராட்சத லாரி) வந்தால் மட்டும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். 53.5 மீட்டர் வரை நீளம் இருக்கும், நம் ஊர் பஸ்கள் நாலைந்தைக் கோர்த்த மாதிரி. கடந்து போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். அதை முந்த நினைக்காதீர்கள், அடுத்த ரோட்ஹவுஸில் அதுவே நிற்கும்.

மகளுக்கு ஸ்நார்க்கல் கண்ணாடியும் குழாயும் திருப்பூரிலேயே வாங்கி, பக்கெட் தண்ணீரிலாவது முகத்தை வைத்து மூச்சுவிடப் பழக்கிவிடுங்கள். என் மகளுக்குக் கோரல் பேயில் அந்தப் பயம் தெளியவே ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது.

அன்புடன்,
அக்கா