‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பை, வித்தின், அன்டில்: எது சரி?

‘பை ஃப்ரைடே’ தான் சரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் தடுமாறியிருக்கிறேன். ஆடிட்டர் அலுவலகம். ‘ப்ளீஸ் செண்ட் தி பில்ஸ் வித்தின் ஃப்ரைடே’ என்று ஒரு மெயில் எழுதி, அனுப்பும் முன் பக்கத்து இருக்கை அக்காவிடம் காட்டினேன். ‘வித்தின்’ என்பதை அழித்துவிட்டு ‘பை’ என்று அடித்தார். “வித்தின் போட்டா எத்தனை நாள்னு சொல்லணும்பா. வெள்ளிக்கிழமைங்கிறது கெடு. கெடுவுக்கு பை” என்றார். அன்றைக்கு விளங்கியது இன்றுவரை மறக்கவில்லை.

குழப்பம் வருவதற்குக் காரணம் நம்முடைய ‘க்குள்’. ‘மூன்று நாளைக்குள்’ என்றும் சொல்கிறோம், ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘வித்தின் த்ரீ டேஸ்’, இரண்டாவது ‘பை ஃப்ரைடே’. எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் வித்தின். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்றால் பை.

‘அன்டில்’ நம் ‘வரை’. தொடர்ந்து நடக்கும் விஷயத்துக்கு அது. கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும்: அன்டில் நைன். ஒன்பது மணிக்குள் மூடிவிடுவார்கள்: பை நைன். ‘வெள்ளிக்கிழமை வரை பணத்தைக் கட்டிவிடு’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. எழுதும் முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ‘வரை’ ஒட்டாத இடத்தில் ‘அன்டில்’ போடாதீர்கள்.

‘இன்’ கொஞ்சம் ஏமாற்றும். ‘ஐ வில் கால் யூ இன் த்ரீ டேஸ்’ என்றால் மூன்று நாள் கழித்துக் கூப்பிடுவேன் என்று அர்த்தம். ‘வித்தின்’ என்றால் நாளைக்கே கூட அழைப்பு வரலாம். பதிலுக்குக் காத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

அப்புறம், அந்த வெள்ளிக்கிழமையும் சேர்த்தியா? ‘பை ஃப்ரைடே’ என்றால் பொதுவாக வெள்ளியும் சேர்த்திதான். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு கெடு முடிந்தது. சந்தேகத்துக்கு இடம் தரக்கூடாது என்றால் மணியையும் எழுதிவிடுங்கள்: ‘பை ஃபைவ் பி.எம். ஆன் ஃப்ரைடே’.

லீவு மெயிலில்தான் இந்தச் சிக்கல் அதிகம். ‘ஆன் லீவ் அன்டில் மண்டே’ என்று எழுதினால், திங்களன்று வருவீர்களா மாட்டீர்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. அமெரிக்கர்கள் இதற்கு ‘த்ரூ மண்டே’ என்பார்கள். ‘திங்கள் முதல் வெள்ளி முடிய’ என்கிறோமே, அந்த ‘முடிய’தான் அது, திங்களும் லீவில் சேர்ந்துவிடும். நான் அதோடு ‘பேக் ஆன் ட்யூஸ்டே’ என்றும் சேர்த்து எழுதிவிடுவேன்.