துண்டுத்துணி மேலங்கி துவைத்ததும் கோணிப்போவது பற்றி

துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த மேலங்கி முதல் துவைப்பிலேயே கோணிப்போனது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தையலில் பிழை இல்லை. சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை ஊரின் தறிக்கூடங்களில் வாங்கிய கழிவுத் துண்டுகளை வெட்டுவதற்கு முன்பே துவைத்து உலர்த்தியிருந்தால், அவற்றை இணைத்துத் தைத்த மேலங்கி முதல் துவைப்பிலேயே இப்படிக் கோணியிருக்காது.

தறியில் இழுத்துப் பிடித்து நெய்யப்பட்ட பருத்தி, நீர் பட்டுப் பாவில் (நீளவாட்டு நூலில்) இருக்கும் கஞ்சி கரைந்ததும் தளர்ந்து சுருங்குகிறது. பாலியஸ்டரோ ஏறக்குறைய அப்படியே நிற்பதால், இரண்டும் சேரும் தையலில் சுருங்கும் துணி மற்றதையும் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் இரண்டையும் கலந்திருக்கிறீர்கள் என்றே கருதுகிறேன்.

ஒவ்வொரு வகையிலும் 20 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, வழக்கம்போல் துவைத்து உலர்த்தி, பாவு, ஊடு (குறுக்கு நூல்) இரு திசைகளிலும் அளந்து பாருங்கள். 1 செ.மீ. குறைந்தால் சுருக்கம் 5 விழுக்காடு. ஒத்த அளவில் சுருங்குபவற்றை மட்டும் ஒன்றாக இணையுங்கள்.

துணி எந்த இழை என்றறிய நூலை எரித்துப் பார்ப்பதும் உதவும்: பருத்தி காகிதம்போல் மணக்கும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், பட்டில் முடி கருகும் வாடை வரும். ஆனால் மரக்கூழிலிருந்து செய்யப்படும் இழையான விஸ்கோஸும் காகிதம்போலவே மணக்கும். அது பருத்தியைவிட அதிகமாகவே சுருங்கக்கூடும் என்பதால், அளவையே நம்புங்கள்.

வெண்பட்டு வேட்டித் துண்டுகள் இருந்தால் அவற்றை வெந்நீரில் போடாதீர்கள். பளபளப்பு போனால் திரும்பாது. இப்போது கோணியிருக்கும் மேலங்கியை, இணைப்புகளைப் பிரித்து மறுபடி அளந்து தைக்காமல் முழுமையாக நேராக்க முடியாது.