மொய் நோட்டு எழுதும் பெண்ணுக்கு ஏஐ சீட் எதற்கு?

போன வாரம் காங்கேயத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தது. அப்பா தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். மகளுக்கு இன்ஜினியரிங் கட்ஆஃப் குறைவு. "மேனேஜ்மெண்ட்ல ஏஐ எடுத்துடலாம்னு பெங்களூர் மச்சான் சொல்றாருங்க. களத்து மேல கடன் வாங்கிக்கலாம்" என்றார். மகள் அம்மணி வாயே திறக்கவில்லை.

"பயப்படாதீங்கண்ணா" என்றுதான் ஆரம்பித்தேன். களத்தை வைப்பது என்று காதில் விழுந்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். மச்சான் சொல்வது அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கதை. தவணை கட்டப்போவது அவர் இல்லை.

"லீவுல என்ன பண்ணுவே கண்ணு?" என்று கேட்டேன். போனை எடுத்து நீட்டினாள். தாத்தா காலத்து மொய் நோட்டு ஏழையும் எக்ஸெலில் ஏற்றியிருக்கிறாள். கே. பழனிச்சாமி, பழனிசாமிக் கவுண்டர், களத்துக்காட்டுப் பழனி: மூவரும் ஒரே ஆள் என்று ஊரையும் சம்பந்தி வீட்டையும் வைத்துக் கண்டுபிடித்து ஒரே வரியாக்கியிருந்தாள். இறந்தவர்களுக்குச் சாம்பல் நிறம். பக்கத்திலேயே மகன் பெயர், இனித் திருப்பிச் செய்ய வேண்டியது அவருக்கு என்பதால்.

இதே வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அருங்காட்சியகங்களில்.

ஈரோடு அரசு அருங்காட்சியகத்திலோ கோவை காஸ் வன அருங்காட்சியகத்திலோ போய்க் கேட்காதீர்கள்; அவை அரசுப் பணத்தில் நடப்பவை. அறக்கட்டளைகள் நடத்துவது வேறு வகை. முட்டுக்காடு தட்சிணசித்ரா, பெங்களூரில் 2023இல் கட்டடம் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகமான 'மேப்' போன்றவற்றுக்கு டிக்கெட் காசு போதாது, நன்கொடை வேண்டும். வாய் சாமர்த்தியத்தோடு கேட்டு வாங்குபவர் ஒருவர் என்றால், பின்னால் உட்கார்ந்து யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார் என்று கணக்கு வைப்பவர் இன்னொருவர். நான் சொல்வது இந்த இரண்டாமவரை.

பழைய ஓவியத்தைச் செப்பனிடக் கொடுத்த பணத்தைக் குழந்தைகள் முகாமுக்குச் செலவழிக்க முடியாது. அதைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை இல்லை என்பதை ரசீது போடும்போதே சொல்ல வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பினால் வரிச் சலுகை கேட்கும்போது சிக்கும். கொடுத்தவர் போனில் கத்துவார். வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். ஆண்டு நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கலை, பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரரைப் பார்க்க இயக்குநர் கிளம்பும் முன், போன தடவை அவர் என்ன கொடுத்தார், எதற்காக முகம் சுளித்தார் என்று ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுப்பதும் இந்த இரண்டாமவர் வேலைதான்.

இறந்துபோனவர் பெயருக்கே "அன்புள்ள ஐயா" என்று நன்றிக் கடிதம் போனால், அந்த வீட்டுக் கதவு அதோடு சாத்திக்கொள்ளும். அம்மணியின் சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

படிப்புக்குப் பெரிய செலவில்லை. 1852இல் தொடங்கிய கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் பி.காம். அல்லது புள்ளியியல் போதும். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கூடவே கணக்கு எழுத டேலி, பட்டியலில் தேடி எடுக்கக் கொஞ்சம் எஸ்.கியூ.எல்., பிழையில்லாத ஆங்கிலக் கடிதம். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம், இன்றைக்கே ஆரம்பிக்கட்டும். நன்கொடை வாங்கும் மருத்துவமனையிலோ கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்திலோ கோவையிலேயே முதலில் கை பழகலாம்.

ஒளிக்கவில்லை: முதல் சம்பளம் ஐடிக்காரன் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அருங்காட்சியக வேலை என்றால் சென்னையோ பெங்களூரோ போக வேண்டிவரும். ஆனால் களம் உங்கள் பேரில் இருக்கும்.

"சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்க?" என்றார் அப்பா. பி.காம். படிக்கிறாள் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் அவர்களுக்கு எதற்கு? திங்கட்கிழமை கட்டுவதாக இருந்த அட்வான்ஸைக் கட்ட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

எழுந்தபோதுதான் அம்மணி முதல் கேள்வி கேட்டாள்: "செத்துப்போனவங்க வரிய அழிச்சரலாமுங்களா சார்?"

"அழிக்காதே கண்ணு. மகன் வரியோட கோத்து வை."