ஒளிந்துகொள்ளும் நியான் டெட்ராக்கள்

கேள்வி: எங்கள் வீட்டு 60 லிட்டர் தொட்டியில் ஓர் ஏஞ்சல் மீனுடன் 3 நியான் டெட்ராக்களை வளர்க்கிறோம். அவை நாள் முழுவதும் செடிகளுக்குப் பின்னாலேயே ஒளிந்திருக்கின்றன, நிறமும் மங்கிவிட்டது. இது நோயா?
– வாசகி, மதுரை

பதில்: நோயைவிட அச்சமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அமேசான் படுகையின் நிழல் படர்ந்த ஓடைகளில் பெருங்கூட்டமாகத் திரியும் இம்மீன்கள், எதிரியின் கண்ணுக்குத் தனித்துத் தெரியாமல் தப்புவதற்குக் கூட்டத்தையே நம்பியிருப்பதால், மூன்று மட்டும் இருக்கும்போது ஓயாத பதற்றத்தில் வாழ்கின்றன. போதாக்குறைக்கு, வளர்ந்த ஏஞ்சல் மீன் நியானை விழுங்கிவிடும். கடைக்காரர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. முதலில் ஏஞ்சல் மீனை உயரமான, பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். பிறகு, நியான்களின் எண்ணிக்கை பத்தை எட்டும் வரை, சில வார இடைவெளியில் மூன்று நான்காகச் சேருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டால், கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியாவை வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்களால் ஈடுகட்ட முடியாது. வாரந்தோறும் கால்பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றினால் போதும்.

இரவில் நீலக்கோடு மங்குவது இயல்பே. ஆனால் உடலில் வெளிறிய திட்டுகளும் முதுகு வளைவும் தென்பட்டால், அந்த மீனை உடனே பிரித்துவிடுங்கள்.