சின்ன நீராவி எஞ்சின் மாடலை நம் விருப்பப்படி மாற்றுவது: எங்கே தொடங்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: உண்மையிலேயே நீராவியில் ஓடும் சின்ன ரயில் எஞ்சின் மாடல்களை வாங்கி, சொந்த ரசனைக்கு ஏற்ப மாற்றியமைக்கிறார்களே, அது எப்படி? எதையெல்லாம் மாற்றலாம்? ஊட்டி ரயில் எஞ்சினைப் போல ஒன்றைச் செய்ய முடியுமா?

தாராளமாக மாற்றலாம், பாய்லரைத் தவிர. அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 32 மி.மீ. அகலத் தண்டவாளம் போட்டு எஞ்சின் ஓட்டுகிறேன். இங்கே இந்தப் பொழுதுபோக்குக்கு ‘பதினாறு மில்லிமீட்டர்’ என்றே பெயர். உண்மையில் ஓர் அடியாக இருப்பது மாடலில் 16 மி.மீ.; அதாவது 19-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 32 மி.மீ. தண்டவாளம் இரண்டடி அகலக் குறும்பாதையைக் குறிக்கும். வேல்ஸ் நாட்டு ஸ்லேட் கல் குவாரிகளில் ஓடியது அந்த மாதிரிப் பாதைதான். டார்ஜிலிங் பாதையும் அதே இரண்டடி.

மாற்றியமைக்க ஆசைப்படுபவர்களுக்குக் குறும்பாதை எஞ்சின்களே வசதி. பெரிய பாதை எஞ்சின்கள் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வந்தவை. ஒரு குழாய் இடம் மாறினாலும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். குவாரி எஞ்சின்கள் அப்படியில்லை. ஒவ்வொரு பணிமனையும் கையில் கிடைத்ததை வைத்து வெட்டி ஒட்டியிருக்கிறது. பென்ரின் குவாரிப் பாதைக்காக 1893-இல் ஹன்ஸ்லெட் நிறுவனம் கட்டிய லிண்டா, பிளான்ச் என்ற இரண்டு எஞ்சின்களைப் பாருங்கள். நான்கே சக்கரங்கள், முதுகில் சேணம் போல ஒரு தண்ணீர்த் தொட்டி. 1960களில் அவை ஃபெஸ்டினியாக் ரயில்வேக்குப் போயின. அங்கே நீண்ட தூரம் ஓட வேண்டியிருந்ததால் பின்னால் டெண்டர், அதாவது எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பெட்டி, சேர்த்தார்கள். நான்கு சக்கர எஞ்சின் வேகத்தில் ஆடும் என்பதால், 1970களின் தொடக்கத்தில் முன்னால் ஒரு ஜோடி வழிகாட்டிச் சக்கரங்களைப் பூட்டினார்கள். நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கும் மாறினார்கள். இரண்டும் பழைய படத்தில் ஓர் உருவம், புதிய படத்தில் வேறோர் உருவம்.

நான் மாடல் மாற்றுவதும் இந்த வழியில்தான். ஒரு பாகத்தைச் சேர்க்கும் முன், ஒரு நிஜப் பணிமனை மேஸ்திரி இதை எதற்காகச் செய்திருப்பார் என்று கேட்டுக்கொள்வேன். மழைக்காகக் கூரை, மலைப்பாதைக்காக மணல் பெட்டி, இரவு ஓட்டத்துக்காகப் பெரிய விளக்கு. பதில் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பாகத்தைச் சேர்ப்பதில்லை.

ஆனால் தோற்றத்துக்கு முன்னால் ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். இதில் நான் கறார். சரியாக ஓடாத எஞ்சினுக்கு அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டால், பிறகு அதைப் பிரித்து வேலை பார்க்க மனசு வராது. அது அலமாரியிலேயே தங்கிவிடும்.

இங்கே பலரும் தொடங்குவது பழைய மமோட் எஞ்சினில். பர்மிங்ஹாமில் பிறந்த பொம்மை நீராவி எஞ்சின் நிறுவனம் அது. 1980-ஐ ஒட்டி ரயில் எஞ்சினும் செய்தார்கள். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். அதன் சிலிண்டர்கள் ஆடும் வகை. பிஸ்டன் முன்னும் பின்னும் போகும்போது சிலிண்டரும் ஒரு அச்சாணியில் அசையும். சிலிண்டரின் முகத்தில் உள்ள துளை, எதிரே உள்ள நீராவித் துளையோடு சேரும்போது நீராவி உள்ளே போகும். மறுபக்கம் சாய்ந்தால் வெளியேறும். தனி வால்வே தேவையில்லை. இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சுருள்வில் மட்டும். அழுத்தம் கூடினால் முகங்கள் விலகி நீராவி கசியும். அதனால் முதல் வேலை அந்த முகங்களைச் சமதளமான கண்ணாடி மேல் மிக நுண்ணிய உப்புத்தாளை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துவது. அப்புறம் பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இந்த இரண்டுக்கும் செலவு மிகக் குறைவு, ஆனால் எஞ்சின் அதே எஞ்சினா என்று நீங்களே சந்தேகப்படுவீர்கள்.

அடுத்தது எண்ணெய். ஈர நீராவியில் சாதாரண மோட்டார் எண்ணெய் நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும். அதற்கென்றே கெட்டியான ‘ஸ்டீம் ஆயில்’ விற்கிறார்கள். அதைச் சிலிண்டருக்குக் கொண்டுபோக, நீராவிக் குழாயில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியைச் சேர்க்கலாம். இந்தக் குப்பி வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீராவியில் கொஞ்சம் உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் கனமானது, அடியில் இறங்கும். எண்ணெய் மேலே மிதந்து, இடம் போதாமல் துளித்துளியாக நீராவிக் குழாய்க்குள் போகும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டம் முடிந்ததும் அடியில் சேர்ந்த தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி எண்ணெய் நிரப்பினால் போதும்.

எரிபொருளையும் மாற்றலாம். பழைய மமோட் திட எரிபொருள் வில்லைகளில் ஓடும். அவற்றின் புகை மூச்சுக்கு நல்லதல்ல. வீட்டுக்குள் எரிக்கவே கூடாது. சிலர் ஸ்பிரிட் திரிக்கு மாறுகிறார்கள். நல்ல வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். நான் பியூட்டேன் கேஸ் பர்னரைத்தான் விரும்புகிறேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கேஸ் ஆவியாக ஆவியாகத் தொட்டி குளிர்ந்து, தீ மெலியும். அதனால் கேஸ் தொட்டியை ஒரு சின்ன வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார வைப்பார்கள். குளிர் நாடுகளில் இது அவசியம். நம்மூர் வெயிலில் நேர்மாறான கவலை: கேஸ் தொட்டி பாய்லருக்கு ரொம்ப நெருங்கிச் சூடாகிவிடக் கூடாது.

வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். சின்ன நீராவி எஞ்சின்கள் இயல்பிலேயே வெறியோடு ஓடும். குவாரி எஞ்சின் பந்தயக் கார் மாதிரிப் பாய்ந்தால், எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் அது பொம்மையாகத்தான் தெரியும். பின்னால் கனமான பெட்டிகளைப் பூட்டுவது ஒரு வழி. சேணத் தொட்டிக்குள் ஈயத் துண்டுகளை வைத்தால் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். எல்லாவற்றையும் விட நல்ல வழி, சக்கர அச்சிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக வேகமாகச் சுழலும் ஒரு குட்டி ஃப்ளைவீல். எஞ்சின் பாய முயன்றால் அது தடுக்கும், நிற்கப் போனால் தள்ளிவிடும். இதைப் பூட்டிய எஞ்சின் நடைவேகத்தில் புகைபோக்கி வழியே ஒவ்வொரு மூச்சாக விட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன்.

இனி தோற்றம். முதலில் வாங்க வேண்டியது ஓர் ஓட்டுநர் பொம்மை. ஐந்தரை அடி மனிதர் இந்த அளவில் 88 மி.மீ. உயரம். அவரை எஞ்சினுக்குள் நிற்க வைத்துப் பாருங்கள். தலை கூரையில் இடித்தால் கூரையை உயர்த்த வேண்டும். கூரை உயர்ந்தால் புகைபோக்கி குட்டையாகத் தெரியும், அதையும் நீட்ட வேண்டும். அவர் கை ரெகுலேட்டருக்கு (நீராவியைத் திறக்கும் கைப்பிடி) எட்ட வேண்டும், ஜன்னல் வழியே பாதை தெரிய வேண்டும். எந்தப் பாகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் பொம்மையே சொல்லிவிடும்.

வரைந்ததை நேராகப் பித்தளையில் வெட்டாமல், கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டி, சில நாள் கண்ணெதிரே வைத்திருங்கள். எங்கே இடிக்கிறது என்பது தானாகத் தெரியவரும். அப்புறம் அரை மி.மீ. பித்தளைத் தகடு. நகைப் பட்டறைகளில் பயன்படும் மெல்லிய வில் ரம்பம் இதற்கு அருமையாக வேலை செய்கிறது. ரிவெட் தலைகளைத் தகட்டின் பின்பக்கமிருந்து மழுங்கிய முனையால் தட்டி எழுப்பலாம்.

இப்போது நிறைய பேர் 3டி பிரிண்டரில் பாகங்களை எடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வெப்பத்தை மறக்கக் கூடாது. பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மணல் பெட்டி, கருவிப் பெட்டி, ஓட்டுநர் இருக்கை எல்லாம் பிளாஸ்டிக்கில் சரி. பாய்லரையோ, அதன் முன்னால் புகைபோக்கிக்குக் கீழே உள்ள புகைப்பெட்டியையோ தொடும் எதுவும் உலோகமாகத்தான் இருக்க வேண்டும். பெயின்டுக்கும் இதே கணக்குதான். பித்தளை மேல் வழவழப்பில் பெயின்ட் ஒட்டாது. உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு கட்டாயம். புகைப்பெட்டிக்கு அடுப்புகளுக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் கறுப்பு. ஒருமுறை சூடாக்கி ஓட்டிய எஞ்சினில் எண்ணெய்ப் படலம் இருக்கும். அதை முழுக்கக் கழுவாமல் அடித்தால் பெயின்ட் உரிந்து வரும்.

இப்போது பாய்லருக்கு வருகிறேன். வீட்டு பிரஷர் குக்கரில் சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். மமோட் போன்றவை அதை ஒட்டியோ, அதற்குக் கீழேயோதான் ஓடும். ஆனால் டான்காஸ்டரில் உள்ள ரவுண்ட்ஹவுஸ் நிறுவனத்தின் எஞ்சின்கள் 40 பிஎஸ்ஐ வரை போகும். உள்ளே நீராவி 140 டிகிரியைத் தாண்டியிருக்கும். அப்படிப்பட்ட பாய்லர்களைச் செம்பில் செய்து, 600 டிகிரிக்கு மேல் உருகும் சில்வர் சால்டரால் இணைத்திருப்பார்கள். வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே புதிய பாய்லரை ஓட விடுவது வழக்கம். ஈயம் கலந்த எலக்ட்ரானிக்ஸ் சால்டர் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். விளக்கு மாட்டுவதற்காக பாய்லரில் ஒரு துளை போட்டு அதை இந்தச் சால்டரால் அடைப்பவரின் கையில் இருப்பது வெடிக்கத் தயாரான ஒரு பாத்திரம். சேஃப்டி வால்வின் சுருள்வில்லை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டுவதும் அதே ரகம். மேலே எது வேண்டுமானாலும் மாட்டலாம், ஆனால் அதன் பிடிமானம் பாய்லரைச் சுற்றிய பட்டையில் இருக்க வேண்டும், பாய்லரில் அல்ல. புதிய பாய்லரே வேண்டுமென்றால், சோதனைச் சான்றிதழோடு தொழில்முறையாகச் செய்து தருபவர்களிடம் வாங்குங்கள்.

ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் ஊற்ற வசதி வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் நிரப்பும் துளையில் குடால் வால்வு என்ற சின்னப் பொருத்தி ஒன்றைத் திருகலாம். துளையிட்ட பித்தளைத் துண்டின் மேல் ஒரு சிலிக்கான் ரப்பர் குழாய். வெளியிலிருந்து பம்ப் அடித்தால் ரப்பர் விரிந்து தண்ணீர் உள்ளே போகும், உள்ளிருந்து நீராவி வர முயன்றால் ரப்பர் துளையை மூடிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள், உப்பு படியாது.

ஊட்டி எஞ்சின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, என்பதால் 16 மி.மீ. அளவில் பொருந்தாது. 22.5-ல் ஒரு பங்கு அளவில், 45 மி.மீ. தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காரும். சிக்கல் எஞ்சினிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை இயக்கும், இன்னொரு ஜோடி கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பல்தண்டவாளத்தில் ஏறும் பல்சக்கரத்தை இயக்கும். இதை நிஜ நீராவியில் குட்டியாகச் செய்வது, கடைசல் இயந்திரத்தில் பல வருடம் கைபழகியவர்களின் வேலை. முதல் முயற்சிக்கு, மோட்டாரில் ஓடும் ஒரு 45 மி.மீ. அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் எக்ஸ் எஞ்சினின் உடலைப் பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் கட்டச் சொல்வேன். வெப்பத் தொல்லை இல்லை, முழு உடலையும் பிரிண்ட் எடுக்கலாம். பொன்மலைப் பணிமனையில் கட்டிய எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் எஞ்சின்களும் ஓடியிருப்பதால், பழசா புதுசா என்று முதலிலேயே முடிவு செய்து ஒரே காலத்துப் படங்களைப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் சின்ன அளவுகள் உண்டு. 87-ல் ஒரு பங்கு அளவில் 12 மி.மீ. தண்டவாளம் மீட்டர் கேஜுக்குச் சரியாக வரும். சுவிஸ் மலைப்பாதைகளுக்காக ஜெர்மனியின் பேமோ நிறுவனம் அந்த அளவில் தண்டவாளமும் எஞ்சின்களும் செய்கிறது. 76-ல் ஒரு பங்கு அளவில் 9 மி.மீ. பாதை வைத்து இரண்டடிக் குறும்பாதை செய்பவர்களும் ஏராளம். இவை மின்சாரத்தில் ஓடுபவை, மேசை மேலேயே முழுப் பாதையும் அடங்கிவிடும்.

எந்த அளவில் தொடங்கினாலும், கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த எஞ்சினிலிருந்து எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதி, டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய மாடல்களைப் பிறந்தபடியே வைத்திருக்க விரும்பும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு எஞ்சினை விற்க நேர்ந்தால் அந்த டப்பாவும் கூடவே போக வேண்டும்.