சாக்கடைக்குப் பவுடர் போட்டும் பகலில் கொசு கடிக்கிறதா?

சாக்கடையை விடுங்கள், கொசு அநேகமாக உங்கள் வீட்டுக்குள்தான் உற்பத்தியாகிறது. கடலூர் முதுநகரில் தெருச் சாக்கடை முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டும் பகலில் கடி நிற்கவில்லை என்கிறீர்கள். பகலில் கடிப்பது பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்கிறீர்கள், சரி. உட்சுவரைத் தேய்த்தீர்களா? முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும்.

அப்புறம் ஃபிரிட்ஜின் பின்தட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள் (எங்கள் வீட்டில் அங்கேதான் இருந்தது). புழு நெளிந்தால் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்.

பக்கத்து மாடியில் தண்ணீர் தேங்கிய பழைய டயர் கிடந்தால் உங்கள் பாடு பாதிதான் பலிக்கும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம், அதனால் புரூஃபென், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.